ஆர்.சி. பள்ளியா, அரசுப் பள்ளியா?

மே மாதம் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்ததும் இளையரசனேந்தல் வட்டாரத்து வீடுகளில் பேச்சு தொடங்கிவிடுகிறது. அப்பா ஊர் அரசுப் பள்ளியே போதும் என்கிறார். அம்மா, “சிஸ்டர் ஸ்கூல்ல சேர்த்தா பிள்ளை கட்டுப்பாடா வளரும்” என்கிறார். கோவில்பட்டியில் இருக்கும் மாமா மூன்றாவதாக ஒரு பள்ளியின் பெயரைச் சொல்கிறார். எட்டாம் வகுப்பு முடித்து ஒன்பதுக்குப் போகும் பிள்ளை உள்ள வீடுகளிலும் இதே பேச்சுதான். படிக்கப்போகிற பிள்ளையிடம் மட்டும் கடைசியில்தான் கேட்கிறார்கள். இந்த அத்தியாயம் அந்தப் பிள்ளைக்காக எழுதப்பட்டது. பெற்றோரும் கூட உட்கார்ந்து படித்தால் நல்லது.

முதலில் ஊரைப் பற்றி ஒரு தகவல். இளையரசனேந்தல் குறுவட்டம் ஒரு காலத்தில் சங்கரன்கோவில் தாலுகாவில் இருந்தது. மூத்தவர்கள் இன்றும் அப்படித்தான் சொல்வார்கள். இப்போது வருவாய்த் துறைக் கணக்கில் அது தூத்துக்குடி மாவட்டம் கோவில்பட்டி வட்டத்தைச் சேர்ந்தது. ஊராட்சி ஒன்றியம் மட்டும் குருவிகுளம். அது 2019 நவம்பரில் பிறந்த தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. பள்ளி மாறும்போது சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று எல்லாம் கேட்பார்கள். அவை வருவாய்த் துறை தருபவை என்பதால் கோவில்பட்டி வட்டாட்சியர் அலுவலகத்தின் வழியாகத்தான் வரும். சேர்க்கை நாளன்று சங்கரன்கோவிலுக்கு பஸ் ஏறி வீணாக அலைய வேண்டாம். ஏப்ரலிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வைப்பது நல்லது.

சிலுவை வாசலில், சம்பளம் கருவூலத்தில்

‘கிறிஸ்தவப் பள்ளி’ என்ற ஒரே பேச்சில் நம் ஊர்களில் மூன்று விதமான பள்ளிகள் அடங்கிவிடுகின்றன. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காததால்தான் பல குடும்பங்கள் தவறாக முடிவெடுக்கின்றன.

முதல் வகை அரசு உதவி பெறும் பள்ளி. ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) பள்ளி, சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பள்ளி, அதே சபையின் டி.டி.டி.ஏ. பள்ளி என்று திருநெல்வேலிச் சீமையில் சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை இந்த வகைதான். கட்டடமும் நிர்வாகமும் மறைமாவட்டத்துடையவை அல்லது சபையுடையவை. அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடங்களுக்குச் சம்பளம் தமிழக அரசின் கருவூலத்திலிருந்து வருகிறது. பாடநூலும் பொதுத் தேர்வும் அரசுப் பள்ளியில் உள்ளவையே. இலவசப் பாடநூல், பத்தாம் வகுப்பு வரை சத்துணவு, பஸ் பாஸ், பிளஸ் ஒன்னில் மிதிவண்டி ஆகியவையும் உண்டு. 1854-இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கையிலிருந்து தொடங்கியது இந்த உதவி முறை. பாளையங்கோட்டையிலும் நாசரேத்திலும் சாயர்புரத்திலும் மிஷனரிகள் எழுப்பிய பள்ளிகள் ஊன்றி நின்றதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

இரண்டாவது, அதே வளாகத்துக்குள் இயங்கும் சுயநிதிப் பிரிவு. பெரும்பாலும் ஆங்கில வழி வகுப்புகள் இப்படி நடக்கும். வாசலும் சீருடையும் தலைமை ஆசிரியரும் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பிரிவில் கட்டணம் உண்டு, அரசு தரும் சலுகைகள் பல கிடையாது. மூன்றாவது, முழுக்க முழுக்கத் தனியாராக நடக்கும் மெட்ரிக் அல்லது சி.பி.எஸ்.இ. பள்ளி. இதற்கான கட்டணத்தை 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கட்டண நிர்ணயக் குழு முடிவு செய்கிறது. கட்டிய தொகைக்கு ரசீது கேட்பது பெற்றோரின் உரிமை.

ஆகவே சேர்க்கைக்குப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது, “இந்த வகுப்பு எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா?” என்பதைத்தான். வெட்கப்படாமல் கேட்கலாம். பள்ளி அலுவலகத்தில் தினமும் கேட்கப்படும் கேள்விதான் இது.

அமெரிக்காவில் இந்தத் தேர்வு வேறு மாதிரி இருக்கும். அங்கே கிறிஸ்தவப் பள்ளி என்றால் பொதுவாகக் கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி. அரசுப் பள்ளியே நடத்தும் பிரார்த்தனை அரசமைப்புக்கு முரணானது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1962-இல் தீர்ப்பளித்தது. இலங்கையில் உதவி பெறும் மதப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றை 1960, 61-இல் அரசே எடுத்துக்கொண்டது. சில பள்ளிகள் மட்டும் உதவியைத் துறந்து தனியாக நின்றன. தமிழ்நாட்டில் இரண்டும் நடக்கவில்லை. ஆகவே இங்கே உதவி பெறும் கிறிஸ்தவப் பள்ளி என்பது பாதிக்கு மேல் பொதுப் பள்ளிதான். அமெரிக்கப் பெற்றோர் பணத்துக்கும் மதத்துக்கும் நடுவே நின்று யோசிக்கிறார்கள். இளையரசனேந்தல் பெற்றோர் கணக்குப் போட வேண்டியவை வேறு.

ஆறாம் வகுப்பிலிருந்து ஓடும் கணக்கு

அந்தக் கணக்கில் பெரியது 7.5 சதவீதம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தரும் சட்டம் 2020-இல் வந்தது. நீட் தேர்வுக்குப் பிறகு அரசு மருத்துவக் கல்லூரிகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளை விரல்விட்டு எண்ணும் நிலை இருந்தது. சட்டம் வந்த முதல் ஆண்டிலேயே மருத்துவம், பல் மருத்துவம் இரண்டிலும் சேர்த்து ஏறத்தாழ 400 இடங்கள் அவர்களுக்குக் கிடைத்தன. 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இது விரிந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேர்பவரின் படிப்புச் செலவை அரசே ஏற்கிறது. 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் மருத்துவ ஒதுக்கீட்டுச் சட்டம் செல்லும் என்றது.

இதைப் பெற ஒரு நிபந்தனை உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டப்படி எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் சேர்த்தி. உதவி பெறும் பள்ளி இதில் வராது, ஆர்.சி. பள்ளியும் வராது. உதவி பெறும் பள்ளிகளையும் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை பலமுறை எழுந்திருக்கிறது, சட்டம் மாறவில்லை.

ஐந்து வருடம் ஊர் அரசுப் பள்ளியில் படித்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். உயிரியல் பிடிக்கும், டாக்டராகும் ஆசையும் உண்டு. பிளஸ் ஒன்னுக்கு நல்ல பெயருள்ள கான்வென்ட்டில் சேர்கிறாள். அந்தச் சேர்க்கைப் படிவத்தில் அப்பா கையெழுத்துப் போடும்போதே அவளுடைய ஐந்து வருடச் சேமிப்பு போய்விடுகிறது. இதை அந்த வீட்டில் யாரும் அவளுக்குச் சொல்வதில்லை. பள்ளி மாறக் கூடாது என்பதல்ல, போவது எது என்று தெரிந்துகொண்டு மாற வேண்டும்.

மாத உதவித்தொகையில் நிலைமை வேறு. அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. 2024 டிசம்பர் இறுதியில் தூத்துக்குடியில் நடந்த விழாவில் அது அரசு உதவி பெறும் பள்ளிகளின் தமிழ் வழி மாணவிகளுக்கும் விரிந்தது. ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தபோதே உதவி பெறும் பள்ளிகளின் தமிழ் வழி மாணவர்களையும் சேர்த்துக்கொண்டது. எனவே கான்வென்ட்டுக்குப் போனாலும் தமிழ் வழியில் இருக்கிறவர் இந்தத் தொகையை இழப்பதில்லை. அதே வளாகத்தின் சுயநிதி ஆங்கில வழி வகுப்பில் சேர்ந்தால் இழக்க நேரிடும்.

தமிழ் வழியை விடுவதற்கு முன் யோசிக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. தமிழ் வழியில் படித்தவர்களுக்குத் தமிழக அரசு வேலைகளில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010-இல் வந்தது. 2020-இல் செய்த திருத்தம், பள்ளிப் படிப்பிலிருந்தே தமிழ் வழியாக இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது. குரூப் தேர்வு எழுதி அரசு வேலைக்குப் போக நினைக்கும் கரிசல் காட்டுப் பிள்ளைகள் ஏராளம். பதினைந்து வயதில் “இங்கிலீஷ் மீடியம்தான் கௌரவம்” என்று மாறினால் இருபத்திரண்டு வயதில் விண்ணப்பம் எழுதும்போது அது வந்து நிற்கும்.

ஜெபமும் நன்னெறியும்

இந்து வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் ஒரு தயக்கம் இருக்கும்: பிள்ளை மதம் மாறிவிடுமோ? கிறிஸ்தவ வீட்டில் அது எதிர்த்திசையில் இருக்கும்: அரசுப் பள்ளியில் சேர்த்தால் விசுவாசம் தளர்ந்துவிடுமோ? இரண்டையும் நேராகப் பேசிவிடுவது நல்லது.

ஒட்டப்பிடாரத்தில் 1872-இல் பிறந்த வ.உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் புனித சவேரியார் பள்ளியிலும் கால்டுவெல் பள்ளியிலும் படித்தார். முதலாவது கத்தோலிக்கர் நடத்தியது, அடுத்தது சீர்திருத்த சபையினர் நடத்தியது. பிறகு திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளிக்குப் போனார். வாழ்நாளின் கடைசிப் பகுதியில் அவர் எழுதி வெளியிட்ட நூல்களில் ஒன்று சிவஞான போதத்துக்கு உரை. ராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் உயர்நிலைப் படிப்புக்கு ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளிக்கு வந்து விடுதியில் தங்கினார். தஞ்சையிலும் ராமநாதபுரத்திலும் பணியாற்றிய ஜெர்மானிய மிஷனரி சுவார்ட்ஸின் பெயரைத் தாங்கிய பள்ளி அது. அங்கே தனக்குத் தன்னம்பிக்கை ஊட்டிய ஆசிரியர் ஐயாத்துரை சாலமனைப் பற்றிக் கலாம் தன் வரலாற்றில் நன்றியோடு எழுதியிருக்கிறார். அடுத்து திருச்சி புனித வளனார் கல்லூரி, அது இயேசு சபையினருடையது. கடைசி வரை அவர் தொழுகையை விடவில்லை.

சட்டமும் பிள்ளையின் பக்கமே நிற்கிறது. சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிலையம் நடத்தலாம் என்கிறது அரசமைப்பின் 30-ஆம் பிரிவு. அரசு உதவி பெறும் பள்ளி மதம், சாதி, மொழி ஒன்றை மட்டும் காரணம் காட்டி எவருக்கும் இடம் மறுக்கக் கூடாது என்கிறது 29-ஆம் பிரிவு. இந்தப் பேச்சுக்கு மிகவும் வேண்டியது 28-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு. அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற எந்தப் பள்ளியும் ஒரு மாணவரை மத போதனை வகுப்பிலோ வழிபாட்டிலோ கட்டாயப்படுத்தி உட்கார வைக்க முடியாது. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் வேண்டும்.

நடைமுறையில் பெரும்பாலான கத்தோலிக்கப் பள்ளிகளில் அந்தப் பாடவேளையில் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போவார்கள், மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு நடக்கும். சி.எஸ்.ஐ. பள்ளிகளில் வேதபாட வகுப்பு இருக்கலாம். காலையில் கூடும்போது ஜெபம் இருக்கும். சேர்க்கும் நாளிலேயே இதை விசாரித்துக்கொள்ள வேண்டும். பிள்ளைக்கு அந்த ஜெபம் உறுத்தலாக இருந்தால் பெற்றோர் எழுதிக் கொடுக்கலாம். உறுத்தவில்லை என்றால் அதற்காகக் குற்ற உணர்வு கொள்ளவும் தேவையில்லை. அடுத்த வீட்டுக்காரர் எப்படிக் கும்பிடுகிறார் என்று பதினான்கு வயதில் கூடவே நின்று பார்த்துத் தெரிந்துகொள்வது நல்ல படிப்புதான்.

சாதிச் சான்று மாறிவிடும் என்ற பயமும் சிலருக்கு உண்டு. மாறாது. சாதிச் சான்று குடும்பத்தைப் பொறுத்தது, பிள்ளை படிக்கும் பள்ளியைப் பொறுத்ததல்ல. கிறிஸ்தவப் பள்ளியில் படிக்கும் இந்துப் பட்டியல் சாதிப் பிள்ளை பட்டியல் சாதிப் பிள்ளையாகவே இருக்கும்.

கிறிஸ்தவப் பெற்றோரின் தயக்கத்துக்கு வருவோம். அரசுப் பள்ளி பிள்ளையின் ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்வதில்லை. கோயிலும் வீடும் விசுவாசத்தைக் காக்கும் இடங்கள். அந்தப் பொறுப்பு முழுவதையும் பள்ளியின் தலையில் ஏற்றுவது பள்ளிக்கும் நல்லதல்ல. தென்காசி மாவட்டத்துச் செங்கோட்டையில் ஒரு முஸ்லிம் விவசாயியின் மகளாகப் பிறந்த நிகர் ஷாஜி அங்குள்ள அரசு பெண்கள் பள்ளியில் படித்தவர். திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்று இஸ்ரோவில் சேர்ந்தார். 2023 செப்டம்பரில் சூரியனை ஆராயப் புறப்பட்ட ஆதித்யா எல்-1 அவர் திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கிய விண்கலம். குமரி மாவட்டத்து அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த கே. சிவன் இஸ்ரோவின் தலைவராகவே ஆனார். அரசுப் பள்ளி என்றால் இரண்டாம் தரம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வைக்கட்டும்.

யார் பாடம் நடத்துகிறார்?

இத்தனைக்கும் பிறகு முடிவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: வேண்டிய குரூப்புக்கு ஆசிரியர் இருக்கிறாரா? பிளஸ் ஒன்னில் முதல் குரூப் கேட்கிற பிள்ளை இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்குக்கும் முதுகலை ஆசிரியர்கள் இருக்கிறார்களா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டும். அரசுப் பள்ளி ஆசிரியரைத் தேர்வு வாரியம் எடுக்கிறது, கலந்தாய்வில் இடம் மாறுகிறார். அவர் போன இடம் உடனே நிரம்பும் என்று சொல்ல முடியாது. உதவி பெறும் பள்ளியில் நிர்வாகம் நியமிக்கிறது. ஒரே ஆசிரியர் பல ஆண்டுகள் அதே நிர்வாகத்தில் இருப்பதால் பாடம் தடைப்படாமல் நடக்கும். ஆனால் நியமனத்துக்கு அரசின் ஒப்புதல் வரும்வரை அங்கேயும் காலியிடம் கிடக்கலாம், அல்லது குறைந்த சம்பளத்தில் ஒருவர் தற்காலிகமாக நடத்தலாம். ஆகவே பள்ளியின் பழைய பெயரை நம்பாமல் வரும் ஜூனில் யார் வகுப்பில் நிற்பார் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இதைத் தெரிந்துகொள்ள நல்ல வழி, வேலை நாளில் பள்ளி விடும் நேரத்தில் போய் பஸ் நிறுத்தத்தில் நிற்கும் பிளஸ் டூ பிள்ளைகளிடம் பேசுவது. “கெமிஸ்ட்ரிக்கு யாருப்பா? பிராக்டிகல் நடக்குதா? ஸ்பெஷல் கிளாஸ் எத்தனை மணி வரை?” என்று கேட்டால் ஐந்து நிமிடத்தில் உண்மை வந்துவிடும். விளம்பரத் தட்டியில் இருக்கும் மதிப்பெண் போன வருடத்துப் பிள்ளையுடையது.

ஸ்பெஷல் கிளாஸ் நேரம் முக்கியம், ஏனென்றால் இளையரசனேந்தலுக்கு பஸ் பிடிக்க வேண்டும். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டுக்கும் மாலை வகுப்பு வைக்காத பள்ளி அரிது. வகுப்பு முடிந்து பஸ் நிலையம் வந்து சேரும் நேரத்துக்குப் பிறகு ஊருக்கு எத்தனை பஸ் இருக்கிறது என்று எழுதிப் பார்க்க வேண்டும். ஒரே பஸ் என்றால், அது வராத நாளில் என்ன செய்வது என்பதையும் வீட்டில் இப்போதே பேசிவிட வேண்டும். பல பெண் பிள்ளைகள் படிப்பை நிறுத்துவது மதிப்பெண்ணால் அல்ல, இந்த ஒரு மணி நேர இருட்டால்.

விடுதி என்றால் கூடுதல் கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகள் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற வேண்டும். பதிவு இருக்கிறதா என்று கேட்கலாம். கழிப்பறையைப் பார்க்கலாம். வீட்டுக்குப் போன் பேச என்ன ஏற்பாடு, பெற்றோர் எந்த நாளில் வந்து பார்க்கலாம், உடம்பு சரியில்லாத பிள்ளையை யார் டாக்டரிடம் கூட்டிப்போவார் என்று கேட்கலாம். பதில் சொல்ல எரிச்சல்படும் விடுதியில் பிள்ளையை விட வேண்டாம். அது அரசு நடத்தும் சமூக நீதி விடுதி என்றாலும் கன்னியர் நடத்தும் விடுதி என்றாலும் இதே விதிதான்.

கையில் கயிறு

தென்மாவட்டத்தில் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் எவரும் சாதியைப் பற்றிப் பேசாமல் இருந்துவிட முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீட்டுக்குள் புகுந்தவர்களால் வெட்டப்பட்டார்கள். தாக்கியவர்கள் பள்ளி மாணவர்கள். அதன் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி ஆகியவற்றைப் பள்ளியில் தடுக்க வேண்டும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்க வேண்டும் என்றெல்லாம் அது பரிந்துரைத்தது.

சிலுவை இருக்கும் வளாகத்தில் சாதி இருக்காது என்று நம்புவது தவறு. அரசுப் பள்ளியில் எல்லாரும் சமமாக உட்காருகிறார்கள் என்று நம்புவதும் தவறு. பார்க்கப் போகும் நாளில் பிள்ளைகளின் மணிக்கட்டைப் பாருங்கள். சத்துணவுப் பந்தியில் யார் யாரோடு உட்காருகிறார்கள் என்று பாருங்கள். ஒரு சண்டை நடந்தால் தலைமை ஆசிரியர் என்ன செய்வார் என்று நேரடியாகவே கேளுங்கள். இதைக் கேட்கும் பெற்றோரைப் பள்ளி மறக்காது, அது பிள்ளைக்குப் பாதுகாப்பு.

பிள்ளையின் சொல்

பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இந்த விஷயத்தில் சொல் உண்டு. கட்டுப்பாடு மிகுந்த கான்வென்ட்டில் சில பிள்ளைகள் செழிக்கிறார்கள், சிலர் வாடுகிறார்கள். ஊர்ப் பள்ளியில் பழகிய தோழிகளோடு இருந்தால் படிப்பவளும் உண்டு, அந்தக் கூட்டத்தை விட்டு விலகினால்தான் படிப்பவளும் உண்டு. இது அவளுக்குத்தான் தெரியும். பெற்றோர் பணக் கணக்கையும் பஸ் கணக்கையும் சொல்லட்டும். குரூப்பையும் நண்பர்களையும் மனதையும் பற்றிப் பிள்ளை சொல்லட்டும். இரண்டையும் ஒரே இரவில் முடிக்காமல் ஒரு வாரம் வைத்துப் பேசலாம்.

மருத்துவம், பொறியியல், வேளாண்மை, சட்டம் ஆகியவற்றில் ஒன்றை மனதில் வைத்து, ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்து வந்த பிள்ளை, தன் பள்ளியில் ஓரளவு ஆசிரியர்கள் இருந்தாலே அங்கேயே பன்னிரண்டை முடிப்பது நல்லது. ஊர்ப் பள்ளியில் வேண்டிய குரூப் இல்லையென்றால் அடுத்து கோவில்பட்டியில் உள்ள இன்னொரு அரசுப் பள்ளியைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அரசுப் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாறினால் 7.5 சதவீதம் கைவிட்டுப் போகாது. கலை, வணிகவியல், ஆசிரியர் பயிற்சி, அரசு வேலை என்று போகிறவருக்கு, ஆசிரியர் நிறைந்த ஆர்.சி. பள்ளியின் உதவி பெறும் தமிழ் வழி வகுப்பு அரசுப் பள்ளிக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. சுயநிதிப் பிரிவுக்குக் கடன் வாங்கிப் போக வேண்டிய அவசியம் பெரும்பாலான வீடுகளுக்கு இல்லை. சந்தேகம் எதுவானாலும் மாற்றுச் சான்றிதழ் வாங்குவதற்கு முன் பள்ளிக்கல்வித் துறையின் 14417 என்ற உதவி எண்ணில் கேளுங்கள்.